இரைச்சலின் நடுவே மௌனம்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் பொன்முடி மலையை அடையலாம். கல்லாற்றைக் கடந்ததும் சாலை 22 கொண்டை ஊசி வளைவுகளாக மேலேறுகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1100 மீட்டர் உயரத்திலுள்ள அந்தப் புல்வெளி முகடுகளைப் பனிமூட்டம் அடிக்கடி மூடிக்கொள்ளும். வானம் தெளிந்திருக்கும் நாளில் அங்கிருந்து அகத்தியர்கூடம் தெரியும். 1868 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தையே பொதிகையாகவும், தமிழ் வளர்த்த குறுமுனிவரின் இருப்பிடமாகவும் போற்றுவது மரபு.

அகத்தியர் தென்திசைக்கு வந்த வரலாறு தமிழர் அனைவரும் அறிந்ததே. கயிலையில் சிவபெருமானின் திருமணம் நிகழவிருக்கிறது. தேவரும் முனிவரும் மற்றுமுள்ள யாவரும் அங்கே திரண்டுவிட்டனர். அதனால் வடதிசை தாழ்ந்தது, தென்திசை உயர்ந்தது. உலகைச் சமன்செய்யும் பொருட்டு இறைவன் அகத்தியர் ஒருவரை மட்டும் தெற்கே அனுப்பினார். அவர் பொதிகையை அடைந்ததும் பூமி சமநிலை பெற்றது. எல்லோரும் நேரில் கண்ட திருமணக் கோலத்தை அவரும் அந்தத் தனிமையிலிருந்தே கண்டார்.

இந்தக் கதையில் சாதகருக்குரிய ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. மனிதனின் கவனம் முழுவதும் ஆரவாரம் உள்ள பக்கமே சாய்ந்துவிடும்போது அவனுடைய உலகம் சமநிலை இழக்கிறது. அவனுள் ஒரு பகுதியேனும் விலகி, அமைதியில் நிலைகொள்ளும்போது அது சீராகிறது. அவ்வாறு விலகியவர் எதையும் இழப்பதில்லை. காண வேண்டியதை அவரும் காண்கிறார்.

ஆனால் இன்று மலையேறுவோர் பலருக்கு அந்த அனுபவம் கிட்டுவதில்லை. நகரத்தின் ஓசையிலிருந்து தப்பவே அவர்கள் செல்கின்றனர். எனினும் வண்டியில் பாட்டு ஒலிக்கிறது. கையில் கைப்பேசி ஒளிர்கிறது. உள்ளத்தில் முந்தின நாள் அலுவலகத்தில் நடந்த வாக்குவாதம் தொடர்கிறது. 22 வளைவுகளையும் கடந்து மேலே சென்ற பின்னும் அவர்கள் விட்டுவந்ததாக எண்ணியது அவர்களுடனேயே வந்து நிற்கிறது. அப்படியானால் மௌனம் எங்கே இருக்கிறது? மலைக்குச் செல்ல வாய்ப்பே இல்லாத இல்லறத்தார்க்கு அது எட்டாப் பொருளா? இவ்விரு வினாக்களையும் ஆராய்வது பயன் தரும்.

வெளியே உள்ள இரைச்சல்

புற இரைச்சலை அற்பமென்று ஒதுக்கிவிட இயலாது. ஒலி டெசிபல் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. இந்த அளவையில் 10 கூடினால் ஒலியின் செறிவு 10 மடங்காகிறது. 20 கூடினால் 100 மடங்காகிறது. மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் வகுத்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் உச்ச வரம்பு. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ்ந்த 100 மீட்டர் பகுதி அமைதி மண்டலமாகக் கருதப்படுகிறது. அங்கே பகலில் 50, இரவில் 40 மட்டுமே. பரபரப்பான ஒரு கடைத்தெருவில் சற்று நேரம் நின்றாலே, ஏட்டில் உள்ள வரம்பிற்கும் செவியில் விழுவதற்கும் எவ்வளவு தூரம் என்பது புலப்படும்.

2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் ஒலி மாசு குறித்து விரிவான தீர்ப்பொன்றை வழங்கியது. பேசுவதற்கு உரிமை உண்டு. ஆனால் கேட்க விரும்பாதவரைக் கட்டாயப்படுத்திக் கேட்கச் செய்யும் உரிமை எவருக்கும் இல்லை என்பது அதன் சாரம். அதற்கு முன் 2000-ஆம் ஆண்டில், சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில், பிறருடைய அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எந்தச் சமயமும் கூறவில்லை என்று அதே நீதிமன்றம் எடுத்துரைத்தது. இது எல்லாச் சமயத்தாரும் நெஞ்சில் கொள்ளத்தக்க கருத்தாகும். அண்டை வீட்டில் நோயுற்றுக் கிடப்பவரின் உறக்கத்தைக் கெடுத்துச் செய்யும் பஜனை, பாடுபவருக்கும் அமைதி தராது.

ஆயினும் சட்டம் செவியின் வாயில் வரையில்தான் காவல் நிற்கும். அதற்கு அப்பால் அதற்கு அதிகாரம் இல்லை. நள்ளிரவில், ஓசையே இல்லாத அறையில், உறக்கமின்றிப் புரளும் மனிதனின் உள்ளத்தில் எத்தனை குரல்கள்! அந்த இரைச்சலை அளக்கும் கருவி இல்லை. அதைத் தடுக்கும் விதியும் இல்லை. கைப்பேசியின் ஒலியை நிறுத்தி வைத்துவிட்டு, செய்தி வந்ததா என்று நிமிடத்திற்கொரு முறை எடுத்துப் பார்ப்பவரின் நிலையும் இதுவே. கருவி ஊமையாகிவிட்டது, மனம் ஆகவில்லை.

கீதை மௌனத்திற்குத் தந்த இடம்

பகவத்கீதையின் 17-ஆம் அத்தியாயம் தவத்தை உடல், வாக்கு, மனம் என மூன்றாகப் பகுத்துரைக்கிறது. மௌனம் இவற்றுள் எதில் இடம்பெறும் என்று கேட்டால், பெரும்பாலோர் தயங்காமல் வாக்குத் தவம் என்றே விடை கூறுவர். ஆனால் பகவான் அதை அங்கே வைக்கவில்லை. வாக்கினால் செய்யும் தவமாக அவர் குறிப்பிடுவது, பிறரைக் கலங்கச் செய்யாததும் உண்மையும் இனிமையும் நன்மையும் உடையதுமான பேச்சையும், மறை ஓதுதலையும். மௌனத்தையோ, மனத்தெளிவு, சாந்தம், தன்னடக்கம், உள்ளத்தூய்மை ஆகியவற்றோடு சேர்த்து மனத்தால் செய்யும் தவத்தில் வைக்கிறார்.

இந்த வைப்புமுறையை ஆதி சங்கரர் தம் உரையில் விளக்குகிறார். வாக்கின் அடக்கம் மனத்தின் அடக்கத்தைத் தொடர்ந்தே வருகிறது. ஆகவே விளைவின் பெயரால் காரணம் இங்கே சுட்டப்படுகிறது என்பது அவர் கருத்து. அதாவது, நாவு ஓய்ந்திருப்பது மரத்தின் கனி. மனம் ஓய்ந்திருப்பது வேர். வேரின்றிக் கனியை மட்டும் கட்டித் தொங்கவிட்டால் அது நிலைக்காது. புலன்களை அடக்கிக்கொண்டு மனத்தால் அவற்றின் விஷயங்களையே நினைத்திருப்பவனைப் பொய்யொழுக்கம் உடையவன் என்று 3-ஆம் அத்தியாயம் கண்டிப்பதும் இதனால்தான்.

இன்னொன்றும் கருதத்தக்கது. கீதை எங்கே உபதேசிக்கப்பட்டது? ஆசிரமத்தின் தனிமையில் அன்று. சங்கும் பேரிகையும் முரசும் ஒருசேர முழங்கி, அந்த ஓசை விண்ணிலும் மண்ணிலும் எதிரொலித்தது என்று முதல் அத்தியாயமே வருணிக்கிறது. அந்தப் பேரிரைச்சலின் நடுவில்தான் ஒருவர் பேசினார்; ஒருவன் கேட்டான். நிறைஞானியின் இலக்கணத்தை அறிய விழைந்த அருச்சுனன், அவன் எவ்வாறு பேசுவான் என்றும் கேட்கிறான். ஞானி பேசாதவன் என்ற எண்ணம் அந்த வினாவில் இல்லை. மௌனம் வாய்த்தவனின் பேச்சு எத்தகையது என்பதே கேள்வி.

திருவள்ளுவரும் பேசாமைக்கென ஓர் அதிகாரம் வகுக்கவில்லை. இனியவை கூறல் என்றும், பயனில சொல்லாமை என்றும், சொல்வன்மை என்றும் வகுத்தார். பேச்சைத் துறப்பதைவிடப் பேச்சைத் தூய்மையாக்குவதே இல்லறத்தார்க்கு முதற்படி என்பது இரு நூல்களையும் சேர்த்து நோக்கும்போது தெளிவாகிறது.

மௌனத்தின் நான்கு நிலைகள்

யோக வாசிஷ்டம் மௌனத்தை நான்காகக் கூறுகிறது. பேச்சை அடக்குவது வாங்மௌனம். கண், செவி முதலிய புலன்களை அவற்றின் விஷயங்களிலிருந்து மீட்பது அக்ஷமௌனம். உடலின் முயற்சிகள் யாவற்றையும் நிறுத்தி மரக்கட்டைபோல் இருப்பது காஷ்டமௌனம். இம்மூன்றும் முயற்சியால் வருபவை. ஆகையால் முயற்சி தளர்ந்தால் போய்விடுபவை. நான்காவது சுஷுப்தமௌனம். அது ஜீவன்முக்தருடையது. அவர் பேசினாலும் பேசாவிட்டாலும், செயல் புரிந்தாலும் ஓய்ந்திருந்தாலும், உள்ளே எதுவும் அசைவதில்லை. ஆழ்ந்த உறக்கத்தில் உள்ளவனுக்கு உலகம் சுமையாக இல்லாததுபோல, விழித்திருக்கும்போதே அவருக்கு உலகம் சுமையாக இல்லை.

இந்த நான்காம் நிலை சாதனையால் புதிதாக உண்டாக்கப்படுவது அன்று என்பதே வேதாந்தத்தின் துணிபு. மாண்டூக்ய உபநிடதம் ஓங்காரத்தை அகரம், உகரம், மகரம் என மூன்று மாத்திரைகளாகப் பகுத்து, அவற்றுக்கு அப்பால் மாத்திரையற்ற ஒன்றைச் சுட்டுகிறது. ஓங்காரத்தை உச்சரித்து முடிக்கும்போது மகரம் தேய்ந்து அடங்குகிறது; அதன்பின் அமைதி எஞ்சுகிறது. அந்த அமைதி உச்சரிப்பு முடிந்த பிறகு பிறந்ததா? ஒலி எழுவதற்கு முன்பும் அது இருந்தது. ஒலித்தபோதும் அதன் அடித்தளமாக இருந்தது. ஒலி மறைந்ததும் வெளிப்பட்டது, அவ்வளவே. எழுத்துகள் நிறைந்த பக்கத்திலும் காகிதம் இருப்பதுபோல, எண்ணங்கள் நிறைந்த மனத்திலும் மௌனம் இருக்கிறது.

சங்கரர் தம் பிரம்ம சூத்திர உரையில் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுகிறார். பாஷ்கலி என்பவர் பாத்வரிடம் சென்று பிரம்மத்தைப் பற்றி உபதேசிக்குமாறு வேண்டினார். பாத்வர் வாய் திறக்கவில்லை. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் பாஷ்கலி வற்புறுத்தினார். இறுதியில் பாத்வர், தாம் சொல்லிக்கொண்டேதான் இருப்பதாகவும், கேட்டவர்தாம் உணரவில்லை என்றும், ஆன்மா அமைதியே என்றும் கூறினார். குருவின் மௌனம் விடையாக அமைந்தது. சீடரின் மனத்தில் இருந்த இரைச்சல் அந்த விடையைக் கேட்கவிடவில்லை.

எது மௌனம் அன்று

மௌனத்தைப் போலத் தோன்றி மௌனமாகாதவை உண்டு. அவற்றைப் பிரித்தறியாவிடில் சாதனை திசைமாறிவிடும்.

முதலாவது, சினத்தால் வரும் பேசாமை. ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் நாட்கணக்கில் பேசுவதில்லை. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்" என்று குழந்தையின் வாயிலாகச் செய்தி போகிறது. அந்த வீட்டில் ஓசை குறைந்திருக்கிறது. ஆனால் அங்கே பேசாத ஒவ்வொரு கணமும் ஒரு வசைமொழி. இடையில் நிற்கும் குழந்தை அதை நன்றாகக் கேட்கிறது. இந்தப் பேசாமையைக் கலைத்து முதலில் பேசுபவரே மௌனத்திற்கு அருகில் செல்பவர்.

இரண்டாவது, அச்சத்தால் வரும் பேசாமை. கண்ணெதிரே அநீதி நிகழும்போது, தனக்கேன் வம்பு என்று வாய் மூடியிருப்பது தவமாகாது. அங்கே மனம் அடங்கவில்லை, ஒடுங்கிவிட்டது. அடக்கமும் ஒடுக்கமும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கலாம். ஒன்று வலிமையிலிருந்து பிறப்பது. மற்றது கோழைமையிலிருந்து பிறப்பது.

மூன்றாவது, பெருமைக்காக மேற்கொள்ளும் பேசாமை. வாய் பேசாமல், எழுதியும் சைகை காட்டியும் வீட்டாரையெல்லாம் ஏவல் கொள்பவர், தாம் ஓய்ந்ததற்குப் பதிலாகச் சுற்றியிருப்பவர்களை ஓடச் செய்கிறார். தன் விரதத்தால் பிறர்க்குச் சுமை கூடுமானால் அந்த விரதத்தை மறுபரிசீலனை செய்வதே முறை.

அலுவலுக்கு நடுவே ஒரு யோகி

பொன்முடி அமைந்துள்ள திருவனந்தபுரம் மாவட்டமே இவ்வுண்மைக்குச் சான்றாகும் வாழ்வுகளைத் தந்திருக்கிறது. அவற்றுள் ஒன்று தைக்காடு அய்யாவு சுவாமிகளின் வாழ்வு. இவர் தமிழர், இயற்பெயர் சுப்பராயன். திருவனந்தபுரம் தைக்காட்டில் இருந்த ஆங்கிலேய ரெசிடென்சியில் மேலாளராகப் பணியாற்றினார். மனைவி மக்களோடு வாழ்ந்தார். கணக்கு, கடிதம், அதிகாரிகள், ஏவலர் என்று எந்நேரமும் ஆட்கள் வந்துபோகும் பதவி அது. அந்தப் பணியில் இருந்துகொண்டே அவர் சிவராஜ யோகத்தில் நிலைபெற்று, நாடி வந்தோர்க்கு அதைக் கற்பித்தார். சட்டம்பி சுவாமிகளும் ஸ்ரீ நாராயண குருவும் அவரிடம் யோகம் பயின்றவர்கள். சாதி வேற்றுமை கடுமையாக இருந்த அக்காலத்தில் அவர் எல்லாச் சாதியினரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உணவளித்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. 1909-ஆம் ஆண்டில் அவர் சமாதி அடைந்தார். அந்த இடத்தில் இன்று கோயில் இருக்கிறது.

இரு துறவியர்க்கு யோகம் கற்பித்தவர் ஓர் இல்லறத்தார், அலுவலகம் சென்றுவந்தவர். மௌனத்திற்குத் தனக்கு நேரமில்லை, சூழ்நிலை இல்லை என்று வருந்துவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். அவருக்கும் நாளுக்கு 24 மணி நேரம்தான்.

மௌனத்திலிருந்து எழுந்த செயல்

செம்பழந்தியில் பிறந்த நாராயண குரு, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மருத்துவாழ் மலையின் குகையில் நெடுநாள் தவம் இயற்றினார். தனிமையை நாடுவதையும் ஞானத்திற்குரிய சாதனங்களுள் ஒன்றாகக் கீதையின் 13-ஆம் அத்தியாயம் குறிப்பிடுகிறது. ஆகவே மலையும் குகையும் வேண்டாதவை அல்ல. ஆனால் அவர் அங்கேயே தங்கிவிடவில்லை. அகத்தியமலைத் தொடரில் தோன்றி வரும் நெய்யாற்றின் கரையில், அருவிப்புறத்தில் அமர்ந்தார். 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவலிங்கமாக நிறுவினார்.

ஆலயங்களுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களுக்காகச் செய்யப்பட்ட பிரதிஷ்டை அது. பல நூற்றாண்டு வழக்கம் ஒன்று அங்கே உடைந்தது. அதற்கென ஊர்வலமோ முழக்கமோ வசைமொழியோ எழவில்லை. சாதி வேற்றுமையும் சமயப் பகையும் இன்றி அனைவரும் உடன்பிறந்தாராய் வாழும் இடம் இது என்னும் கருத்துடைய வாசகம் அங்கே பொறிக்கப்பட்டது. அச்சத்தால் வாய் மூடியிருப்பதற்கும், உள்மௌனத்தில் ஊன்றிச் செயல்படுவதற்கும் உள்ள வேறுபாட்டை இந்நிகழ்ச்சி நன்கு காட்டும். அவருடைய மௌனம் அநீதியைப் பொறுத்துக்கொள்ளவில்லை. எவரையும் பகைக்கவும் இல்லை.

1916-ஆம் ஆண்டில் குரு திருவண்ணாமலைக்குச் சென்று ஸ்கந்தாசிரமத்தில் ரமண மகரிஷியைக் கண்டார். ஒருவர் ஊர் ஊராகச் சென்று ஆலயங்களும் பள்ளிகளும் அமைத்தவர். மற்றவர் 1896-ல் அருணாசலத்தை அடைந்த பின் அந்த இடத்தைவிட்டு அகலாதவர். வெளித்தோற்றத்தில் இருவர் வாழ்வும் முற்றிலும் வேறு. ஆயினும் அச்சந்திப்பில் சொற்களுக்கு அதிகத் தேவை ஏற்படவில்லை. அதன் நினைவாகக் குரு ஐந்து சுலோகங்கள் கொண்ட நிர்விருதி பஞ்சகத்தை இயற்றினார். ஓயாது உழைத்தவருக்கும் ஓரிடத்தில் அமர்ந்தவருக்கும் உள்ளே இருந்த அமைதி ஒன்றே.

அன்றாடச் சாதனை

இல்லறத்தில் உள்ள சாதகர் இதனை எங்ஙனம் தொடங்குவது? பெரிய விரதங்கள் தேவையில்லை. சிறியனவற்றைத் தவறாமல் செய்தல் வேண்டும்.

காலையில் விழித்ததும் கைப்பேசியையோ நாளிதழையோ தொடுமுன் 10 நிமிடம் அமைதியாக அமரலாம். எண்ணங்கள் பெருகும், அது தோல்வி அன்று. கூடத்தில் பலர் பேசிக்கொண்டிருக்கையில் கேளாத கடிகார ஒலி, அவர்கள் சென்றபின் கேட்கிறது. அது அப்போது புதிதாக எழுந்த ஒலி அன்று. அதுபோலவே அமரும்போது தெரியவரும் எண்ணங்களும் முன்பே ஓடிக்கொண்டிருந்தவை. அவற்றோடு வாதிடாமல், அவற்றை அறியும் சாட்சியாக இருக்கப் பழகவேண்டும்.

பேசுமுன் ஒரு மூச்சளவு பொறுத்தல் அடுத்த சாதனை. இது உண்மையா, இனியதா, நன்மை தருவதா என்று கீதை கூறும் அளவைகளை அந்த இடைவெளியில் பொருத்திப் பார்க்கலாம். வீட்டில் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் முன்னும், அலுவலகத்தில் மறுமொழி எழுதும் முன்னும் அந்த ஒரு மூச்சு பல வருத்தங்களைத் தவிர்க்கும்.

பிறர் பேசும்போது, தான் சொல்லப்போகும் விடையை உள்ளே தயாரித்துக்கொண்டிராமல் முழுதாகக் கேட்பது மூன்றாவது. முதியோர் ஒருவர் நூறு முறை சொன்ன கதையை நூற்றோராம் முறையும் பொறுமையுடன் கேட்பது, குகையில் அமர்வதற்குக் குறைந்த தவம் அன்று.

வாரத்தில் சில மணி நேரமேனும் பேசாநோன்பு மேற்கொள்வது நான்காவது. மகாத்மா காந்தி நாட்டு விடுதலைப் போராட்டத்தின் நெருக்கடிகளுக்கு நடுவிலும் திங்கட்கிழமைகளில் மௌனம் காத்தார். அந்த நாளிலும் அவர் பணிகளை நிறுத்தவில்லை. ஆனால் அத்தகைய நோன்பை வீட்டார்க்கு முன்கூட்டியே அறிவித்து, அவர்களுக்கு இடையூறின்றி மேற்கொள்ள வேண்டும்.

இறுதியாக, தன்னால் எழும் ஓசையைக் குறைத்தல். தேவையற்ற ஒலிப்பானையும், அண்டை வீட்டைத் துளைக்கும் தொலைக்காட்சியையும், விழாக்கால ஒலிபெருக்கியையும் அடக்குவது குடிமகனின் கடமை மட்டுமன்று. அகிம்சையின் ஒரு பகுதியும் ஆகும். தான் அமைதியை நாடுபவர் பிறர்க்கும் அமைதியை அளிக்கக் கடமைப்பட்டவர்.

வாய்ப்புக் கிட்டும்போது பொன்முடிக்குச் செல்லலாம். பனி கலைந்து அகத்தியர்கூடம் புலப்படும் வரை பேசாமல் நிற்கலாம். மலை தரும் அமைதி ஒரு பயிற்சி. தேர்வு நடப்பது கீழே இறங்கிய பின், கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் அடுக்களையிலும். இறங்கி வரும் 22 வளைவுகளிலும் எவருடைய உள்ளம் சமநிலை குலையாதிருக்கிறதோ, அவருக்கு வீடே பொதிகை. மௌனத்தைத் தேடி எங்கும் ஓட வேண்டியதில்லை. ஓட்டம் நின்ற இடத்தில் அது இருக்கிறது. அந்த உண்மையைக் கேட்டும், சிந்தித்தும், வாழ்ந்தும் உணர்வதே சாதகரின் கடன்.